கறுத்துப்போன மைகார்ட்டா பிடி: கழுவுவதா, துடைப்பதா, தேய்ப்பதா?

என் மடக்குக் கத்தியின் கிளிப்பைக் கழற்றியபோதுதான் அது கண்ணில் பட்டது. மூன்று சிறு திருகாணிகள், அவை பிடித்து வைத்திருக்கும் ஓர் எஃகுப் பட்டை. அதை எடுத்ததும் கீழே விரல் அகலத்துக்கு வெளிர்பச்சையில் ஒரு நீள்சதுரம் தெரிந்தது. கத்தி புதிதாக இருந்தபோது மைகார்ட்டா பிடி முழுவதும் அந்த நிறத்தில்தான் இருந்திருக்கிறது. இப்போது மற்ற இடமெல்லாம் பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ஏறக்குறையத் தார். தினமும் கையில் எடுத்த பொருள் என்பதால் மாறிக்கொண்டிருந்ததே தெரியவில்லை.

சுத்தம் செய்யலாம் என்று முடிவெடுப்பது எளிது. எப்படி என்று விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் பாத்திரம் கழுவும் சோப்பு போதும் என்பார். இன்னொருவர் அசிட்டோன் என்பார். மூன்றாமவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வருவார். யாராவது ஒருவர் ப்ளீச் என்று சொல்லி வயிற்றைக் கலக்குவார். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ப்ளீச்சைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிடிக்குப் பலித்திருக்கிறது, வேறொரு பிடியைக் கெடுத்தும் இருக்கிறது. நாம் ‘கறுத்துவிட்டது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் விஷயத்துக்குள் இரண்டு மூன்று நோய்கள் இருப்பதால் வரும் குழப்பம் இது. எந்தக் கறுப்பு என்று தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மைகார்ட்டா என்பது துணியையோ காகிதத்தையோ ஃபீனாலிக் ரெசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் போட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகை. லியோ பேக்லண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து உருவாக்கி 1907-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பேக்கலைட்தான் இதன் மூதாதை. 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அவ்வகை ரெசினைக் கொண்டு மின்காப்புப் பலகையாக மைகார்ட்டாவைத் தயாரித்தது. அங்கே வேலை பார்த்த டேனியல் ஓ’கானரும் ஹெர்பர்ட் ஃபேபரும் வெளியே வந்து தொடங்கியதுதான் ஃபார்மைக்கா. மின்காப்புக்குப் பயன்பட்ட மைக்கா என்ற கனிமத்துக்கு மாற்று என்ற பொருளில் அந்தப் பெயர். ஆக, மேசை மேல் ஒட்டும் பலகையும் நம் கத்திப்பிடியும் பங்காளிகள்.

இந்த வம்சாவளியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூட்டில் இறுகிய ஃபீனாலிக் ரெசின் எண்ணெயை எளிதில் குடிக்காது, சாதாரணக் கரைப்பான்களுக்கு அசைந்து கொடுக்காது. மின்சாரப் பெட்டிக்குள் வைக்கச் செய்த பொருள் அப்படித்தானே இருக்க வேண்டும். ஆனால் பலகையை வளைவாக அறுத்துப் பிடியாக இழைக்கும்போது ஆயிரக்கணக்கான நூல்களின் வெட்டுமுனைகள் வெளியே வந்து நிற்கின்றன. ரெசின் முழுக்க மூடாத அந்த முனைகள் விளக்குத்திரி மாதிரி வேலை செய்கின்றன. வியர்வை, தோலின் எண்ணெய், கையிலிருக்கும் தூசி எல்லாம் அவற்றின் வழியே இறங்குகின்றன. வெகுதூரம் அல்ல, மேல் தோல் அளவுக்குத்தான். அந்தத் தோலுக்குக் கீழே பிடி இன்னும் பழைய நிறத்தில்தான் இருக்கிறது.

நெசவு எவ்வளவு தடிமனோ அவ்வளவு உறிஞ்சல். கான்வாஸ் நன்றாகக் குடிக்கும். சணல் கொண்டு செய்தது அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். லினன் என்று விற்கப்படுவது இன்று பெரும்பாலும் நெருக்கி நெய்த மெல்லிய பருத்தித் துணிதான். அது கொஞ்சம் அடக்கம். காகித மைகார்ட்டா ஏறக்குறைய எதையுமே குடிக்காது. அதற்கு வரும் நோயே வேறு.

<b>எந்தக் கறுப்பு?</b>

முதல் வகை, பிசுக்கு. எண்ணெயும் அழுக்கும் நூல்களுக்குள் போய் உட்கார்ந்திருப்பது. ஈரத்துணி உலர்ந்த துணியைவிட அடர்ந்த நிறமாகத் தெரிகிறதல்லவா, அதே கதைதான். உலர்ந்த நூல்களுக்கு இடையிலிருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நிறம் வெளிறித் தெரிகிறது. அந்தக் காற்றை விரட்டிவிட்டு எண்ணெய் உட்கார்ந்தால் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகிறது. எண்ணெயோடு தூசியும் சேர்ந்தால் பச்சை கறுப்பாகிறது, வெளிர்பழுப்பு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகிறது.

இரண்டாம் வகை, ரெசினே நிறம் மாறியிருப்பது. ஃபீனாலிக் ரெசினுக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் மேற்பரப்பை மெல்ல மஞ்சளாக்கி, பிறகு தேன் நிறமாக்கி, கடைசியில் பழுப்பாக்கிவிடும். இது அழுக்கு இல்லை என்பதால் எந்தச் சோப்பும் இதை எடுக்காது. ரெசினின் வேதியியலே அந்த இடத்தில் மாறிவிட்டது. தந்தம் போலிருக்கும் வெள்ளைக் காகித மைகார்ட்டாவில் இது பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, உலோகக் கறை. பிடியைக் கோத்திருக்கும் ஊசிகளைச் சுற்றியோ, எஃகு ஓரத்தை ஒட்டியோ செம்பழுப்பாகவோ கருநீலமாகவோ ஒரு வளையம் தெரிந்தால் அது துரு அல்லது உலோகத்தூள்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடச் சோதனை போதும். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, மிகவும் கறுத்த இடத்தில் பத்துப் பதினைந்து முறை உருட்டுங்கள். பஞ்சு பழுப்பானால் பிசுக்கு. பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தால் ரெசின். துணியின் சாயமே பஞ்சில் இறங்குகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, சோப்போடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். திருகாணி போட்ட பிடியாக இருந்தால் இன்னும் வசதி. ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி உள்முகத்தைப் பாருங்கள். கையும் வெயிலும் படாத அசல் நிறம் அங்கே பத்திரமாக இருக்கும். அதுதான் அளவுகோல். ஞாபகத்தை நம்பாதீர்கள். புதுக் கத்தி எப்போதும் நினைவில் உள்ளதைவிட மங்கலாகத்தான் இருந்திருக்கும்.

என் பச்சைப் பிடியில் பஞ்சு காப்பித்தண்ணீர் நிறத்தில் வந்தது. எனவே முதல் வகை.

<b>சோப்பும் பிரஷும்</b>

எல்லோரும் ஏளனமாகப் பார்க்கும் இந்த வழிக்குத்தான் என் முதல் ஓட்டு. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு எண்ணெயைப் பிரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. நம் பிடியில் இருப்பதும் எண்ணெய்தான். கை தாங்கும் சூட்டில் வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு சோப்பு, பழைய பல்துலக்கும் பிரஷ். வேறெதுவும் வேண்டாம். தேய்க்கும் திசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிடியின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் மேல் அழுக்கு போகும். நெசவின் பள்ளங்களில் இருப்பது போகாது. பாவு நூலின் (நீள நூல்) திசையில் ஒரு முறை, ஊடு நூலின் (குறுக்கு நூல்) திசையில் ஒரு முறை, பிறகு மூலைவாட்டில் ஒரு முறை என்று மாற்றித் தேய்க்க வேண்டும். நுரை பழுப்பாகும். கழுவிவிட்டு மறுபடி சோப்பு. என் பிடியில் முதல் நுரை சாம்பல் கலந்த பழுப்பு, இரண்டாவது வெளிறிய தேநீர், நான்காவது வெள்ளை. நான்காவது சுற்றுக்கு மேல் தேய்த்தது என் பிடிவாதம் மட்டுமே, பயன் எதுவும் இல்லை.

அதன் பிறகு செய்ய வேண்டியது, செய்ய மிகவும் கடினமான காரியம்: சும்மா இருப்பது. ஈரமான மைகார்ட்டா கறுப்பாகத்தான் தெரியும். கழுவி முடித்த கையோடு பார்த்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று அடுத்த ஆயுதத்தை எடுப்பவர்களே அதிகம். ஓர் இரவு உலர விட்டு, காலை வெளிச்சத்தில் பாருங்கள். நான் இரவு பத்து மணிக்குப் பார்த்த பிடியும் மறுநாள் காலை பார்த்த பிடியும் ஒரே கத்தியுடையவை என்று சொன்னால் நம்ப முடியாது. கட்டைவிரல் இடம் இன்னும் அடர்த்தியாக இருந்தது. மற்றபடி பச்சை திரும்பி வந்திருந்தது.

இந்த வழியில் உள்ள ஒரே ஆபத்து நீர். துருப்பிடிக்கும் கார்பன் எஃகாக இருந்தால், பிடிக்கும் எஃகுக்கும் நடுவே போன நீர் வெளியே வராமல் உள்ளேயே தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே ஊறவைக்காதீர்கள். கழற்ற முடிந்த பிடியென்றால் கழற்றிக் கழுவுங்கள். முடியாதென்றால் பிரஷை மட்டும் நனைத்து வேலையை முடித்து, துடைத்து, இடுக்கில் கொஞ்சம் ஆல்கஹால் விட்டு நீரை வெளியேற்றுங்கள். கொதிநீரும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டவே வேண்டாம். மைகார்ட்டா தாங்கும், அதை எஃகோடு ஒட்டியிருக்கும் எபாக்சிப் பசை அந்தச் சூட்டில் இளகக்கூடும். கூர்முனையைச் சுற்றி அட்டை வைத்து மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்வது எந்த வழிக்கும் பொது விதி. சோப்பு வழுக்கும் என்பது கை அறுபட்ட பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இல்லை.

<b>ஆல்கஹாலா, அசிட்டோனா?</b>

சோப்புக்குப் பின் மிஞ்சும் பிசுக்குக்கு இந்த இரண்டில் ஒன்று. இதில் நான் ஒரு சோதனை செய்தேன். கழற்றிய பிடியின் இடப்பக்கத் தகட்டை ஆல்கஹாலிலும் வலப்பக்கத் தகட்டை அசிட்டோனிலும் துடைத்து, அருகருகே வைத்துப் பார்த்தேன்.

ஆல்கஹால் நிதானமானது. நனைத்த வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, இழுத்துத் துடைக்க வேண்டும். மறுபடி புதிய இடத்தால் துடைக்க வேண்டும். துணியில் பழுப்பு குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து எப்போது நிறுத்தலாம் என்று தெரிந்துகொள்ளலாம். 70 சதவீத ஆல்கஹாலில் மீதி நீர் என்பதை மறக்க வேண்டாம்; கார்பன் எஃகுக்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்டது நல்லது. ஆல்கஹால் துடைத்த தகடு முடிவில் உள்முகத்தின் நிறத்துக்கு மிக அருகில் வந்து நின்றது.

அசிட்டோன் அவசரக்காரன். துணி பட்ட உடனே எண்ணெய் பிரிந்து வருகிறது, ஒரு நிமிடத்தில் ஆவியாகிவிடுகிறது. வலப்பக்கத் தகடு ஆல்கஹால் செய்ததை மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் செய்து முடித்தது. ஆனால் அங்கே நிற்கவில்லை. சுண்ணாம்பு பூசியது போல வெளிறிப்போனது. இருந்த எண்ணெய் மொத்தமும் போய், நூல்முனைகள் வறண்டு நிற்பதால் வரும் வெளுப்பு அது. கெட்டுப்போனது என்று பொருள் இல்லை. ஒரு வாரம் கையில் வைத்திருந்தால் சரியாகிவிடும். ஆனாலும் ஒரே கத்தியின் இரு பக்கமும் இரு நிறமாக ஒரு வாரம் அலைந்தது எனக்குக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது.

வேகத்துக்கு ஆசைப்பட்டு அசிட்டோனை எடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை சில உண்டு. தொழிற்சாலையில் செய்த ஃபீனாலிக் மைகார்ட்டா அசிட்டோனால் துடைப்பதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் துணியைப் பாலியெஸ்டர் ரெசினிலோ எபாக்சியிலோ ஊறவைத்துக் கையால் செய்த பிடிகளும் மைகார்ட்டா என்ற பெயரில்தான் புழங்குகின்றன. அவற்றை அசிட்டோன் பிசுபிசுப்பாக்கக்கூடும். கத்தியலகில் பெயின்ட் பூச்சு இருந்தால் அதுவும் இறங்கும். எனவே துடைக்கலாம், ஊறவைக்கக் கூடாது. அதன் ஆவி சட்டென்று தீப்பற்றும் என்பதால் சன்னலைத் திறந்து, அடுப்பு எரியாத இடத்தில் கையுறையோடு வேலை செய்ய வேண்டும். எந்த ரெசின் என்று தெரியாத பிடிக்கு ஆல்கஹாலே போதும். தெரிந்த பிடிக்கும் எனக்கு ஆல்கஹால்தான். பத்து நிமிடம் மிச்சம் பிடித்து நாம் சாதிக்கப்போவது என்ன?

கட்டைவிரல் அடையாளம் போன்ற பிடிவாதமான திட்டுக்கு மட்டும் ஒரு பற்றுப் போடலாம். சாக்பீஸ் தூளையோ டால்கம் பவுடரையோ ஆல்கஹாலில் குழைத்து, தோசைமாவு பதத்தில் அந்த இடத்தில் கனமாக அப்பிவிட வேண்டும். ஆல்கஹால் உள்ளே இறங்கி எண்ணெயைக் கரைக்கும். உலரும்போது தூள் அதை மேலே இழுத்துக்கொள்ளும். முழுக்க உலர்ந்ததும் பிரஷால் தட்டிவிடுங்கள். தூளின் அடிப்பகுதியில் மஞ்சள் இறங்கியிருந்தால் இன்னொரு முறை போடலாம். வெள்ளைத் தூள் நெசவில் தங்காதிருக்கக் கடைசியில் ஒரு சோப்புக் குளியல் தேவைப்படும்.

<b>நடுவில் நிற்கும் சில</b>

மெலமைன் ஸ்பாஞ்ச் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள்தான். காகித மைகார்ட்டாவில் மேலாகப் படிந்த கறையை அழகாக எடுக்கும், மினுமினுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். மெருகேற்றிய பிடியில் வேண்டாம். மங்கலான பிடியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். சமையல் சோடாப் பசை கான்வாஸுக்கு ஓரளவு உதவும். பற்பசையும் அதே வேலையைச் செய்யும் என்பார்கள். செய்கிறது, ஆனால் நெசவுப் பள்ளங்களில் வெள்ளையாக உட்கார்ந்துகொண்டு அதை எடுப்பதே தனி வேலையாகிவிடுகிறது.

இரும்புக் கம்பிச்சுருள் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். முன்பொரு வெளிர்பழுப்புக் கான்வாஸ் பிடியை அதனால் தேய்த்தேன். அன்றைக்குப் பார்க்க அற்புதமாக இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பிடி முழுவதும் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள். சுருளிலிருந்து ஒடிந்த கம்பித் துணுக்குகள் நெசவில் சிக்கி, கை வியர்வையில் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்திருந்தன. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் இருக்கிறது, அது துருப்பிடிக்காது.

அந்தச் செம்புள்ளிகளுக்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். துருவோடு சேர்ந்து நீரில் கரையும் பொருளாக அதை மாற்றிவிடும். சில பாத்திரச் சுத்திகரிப்புத் தூள்களில் இது இருக்கிறது. பஞ்சுக்குச்சியால் புள்ளியில் மட்டும் வைத்து, சில நிமிடத்தில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். நச்சுப்பொருள் என்பதால் கையுறை கட்டாயம். சமையலுக்குப் பயன்படும் கத்தி என்றால் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு இந்த அமிலத்தால் ஒரு பயனும் இல்லை.

இனி ப்ளீச். குளோரின் ப்ளீச் துணி அழுக்கை வெளுக்கும் என்பதால் மைகார்ட்டாவின் துணியையும் வெளுக்கும் என்று நினைப்பது இயல்புதான். அது பருத்தி நூலின் செல்லுலோஸை அரிக்கும், சாயத்தைத் திட்டுத்திட்டாக எடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பியிருக்கும் அலகிலும் ஊசிகளிலும் குழி போடும். நிறம் திரும்ப வேண்டும் என்று போய் முதலுக்கே மோசம். அடுப்பு சுத்திகரிப்பான் போன்ற கடுங்காரங்களும் அதே பட்டியலில்தான் வரும். ஃபீனாலிக் ரெசின் பல கரைப்பான்களையும் மெல்லிய அமிலங்களையும் தாங்கும், கடுங்காரத்திடம் மட்டும் தோற்கும். ஆக்சிஜன் ப்ளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் அவ்வளவு முரடில்லை என்றாலும் அதன் கரைசலும் காரம்தான். சோப்பாலும் ஆல்கஹாலாலும் முடியாததை அது முடித்துத் தரும் என்று நம்பி இறங்க எனக்கு மனம் வரவில்லை.

<b>உப்புத்தாள்: கடைசி வழி, சிலருக்கு ஒரே வழி</b>

பஞ்சு வெள்ளையாகத் திரும்பியவர்களுக்கு, அதாவது ரெசினே பழுத்துப்போன பிடி வைத்திருப்பவர்களுக்கு, மேற்சொன்ன எதுவும் உதவாது. மாறிய தோலை உரிப்பது ஒன்றே வழி. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். அதற்குக் கீழே பிடி புதிதாக இருக்கிறது. உப்புத்தாள் மட்டும்தான் உண்மையிலேயே பழைய நிறத்தைக் கொண்டுவரும். இழந்தால் திரும்ப வராததும் இதில் மட்டும்தான்.

என்னவெல்லாம் போகும்? முதலில், அளவு. மைகார்ட்டா எஃகைவிட மென்மையானது. பிடியின் ஓரத்தில் எஃகும் மைகார்ட்டாவும் ஒரே மட்டத்தில் கூடும் கத்தியில், விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் மைகார்ட்டா மட்டும் தேய்ந்து, எஃகு விளிம்பு ஒரு மயிரிழை மேலே துருத்தி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, பிடித்ததும் கைக்குத் தெரியும். ஆகவே தட்டையான இடங்களில் தாளைக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். இரண்டாவது, கோலம். கான்வாஸ் பிடியின் வளைவுகளில் துணி அடுக்குகள் வரைபடத்தின் உயரக்கோடுகள் போல வளையம் வளையமாகத் தெரியும். தேய்க்கத் தேய்க்க அந்த வளையங்கள் இடம் மாறும். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்தால் இரு பக்கக் கோலமும் பொருந்தாமல் போகும்.

மூன்றாவது யாரும் எச்சரிக்காத சங்கதி. பிடியிலுள்ள ஊசிகளின் மேல் தாள் ஓடும்போது பித்தளைத் தூளோ எஃகுத் தூளோ கிளம்பி, வெளிர்நிற மைகார்ட்டாவுக்குள் கறுப்பாக இழுபடும். வால்நட்சத்திரம் போல ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு வால் முளைக்கும். ஊசியிலிருந்து விலகும் திசையில் நீளமாக இழுக்காமல், சிறு சிறு வீச்சாகத் தேய்த்து அடிக்கடி ஆல்கஹால் துணியால் துடைத்துக்கொண்டே போனால் இது குறையும். கறுப்பு சிலிகான் கார்பைடு தாளின் மணிகளும் வெள்ளைப் பிடியில் சிக்கிக்கொள்ளும் என்பதால் வெளிர்நிறத்துக்கு அலுமினியம் ஆக்சைடு தாள் நல்லது.

தூசியை அலட்சியம் செய்யக் கூடாது. ஃபீனாலிக் ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. துகள்களைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, முடிந்தவரை நீர் தொட்டுத் தேய்த்து, வந்த சேற்றை உலரவிடாமல் கழுவிவிட வேண்டும். உலர்ந்த சேறு நெசவில் இறங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த எண் தாளில் நிறுத்துவது என்பது நிறத்தையே தீர்மானிக்கும். எண் கூடக் கூடத் தாளின் மணிகள் நுண்மையாகும். 220-இல் நிறுத்தினால் பிடி சொரசொரப்பாக, மிக வெளிறி இருக்கும். கைக்கு நல்ல பிடிமானம், ஆனால் மறுபடி அழுக்கைத் தேடிப் போய்க் குடிக்கும். 400 நடுத்தரம். 600-க்கு மேலே போகப் போக நிறம் தானாகவே ஆழமாகும். 2000 வரை போய் மெருகேற்றினால் கண்ணாடி போல மின்னும், அழுக்கு ஒட்டாது. ஈரக் கையில் வழுக்கும். வெளிர்நிறமும் அழுக்கு ஒட்டாமையும் ஒன்றாகக் கிடைக்காது. காட்டுக்கும் மீன்பிடிக்கும் கொண்டுபோகிற கத்திக்கு 320-க்கும் 400-க்கும் நடுவில் நிறுத்துவேன். மேசையில் இருக்கும் கத்தி என்றால் 800.

தந்த நிறக் காகித மைகார்ட்டா வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வெள்ளை திரும்ப வரும், ஆனால் நிலைக்காது; வெளிச்சம் பட்டதும் ரெசின் மறுபடி மஞ்சளாகத் தொடங்கும். மேலும் பழைய வெஸ்டிங்ஹவுஸ் காகித மைகார்ட்டாவின் தேன்நிறத்தையே தேடி அலைபவர்கள் சேகரிப்பாளர்களிடையே உண்டு. அவர்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் மதிப்பு அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. கத்தி பழையது, நல்ல கைவினைஞர் செய்தது என்றால் உப்புத்தாளைத் தொடும் முன் ஒரு வாரம் யோசியுங்கள்.

<b>சுத்தம் செய்த பின்</b>

வறண்டு வெளிறிய பிடியைப் பார்த்ததும் எண்ணெய் தடவக் கை பரபரக்கும். மினரல் ஆயில் தடவினால் நிறம் செழுமையாகும் என்பது உண்மை. ஆனால் எந்த எண்ணெயை இவ்வளவு நேரம் வெளியே எடுத்தோமோ அதன் தம்பியைத்தான் உள்ளே அனுப்புகிறோம். வெளிர்நிறம் வேண்டும் என்பவர்கள் எண்ணெயைத் தொடக் கூடாது. கறுப்பு மைகார்ட்டா வைத்திருப்பவர்களின் வழக்கு நேர்மாறானது. அவர்களின் பிடி கழுவினால் சாம்பலாகிறது, அவர்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய்தான் வைத்தியம்.

நிறத்தை அதிகம் மாற்றாமல் கொஞ்சம் காப்பு வேண்டுமென்றால் மெல்லிய மெழுகு. சற்றே அடர்த்தி கூடும், அழுக்கு இறங்குவது மெதுவாகும், பிறகு தேய்ந்துவிடும். சூப்பர் குளூவை மெல்லியதாகப் பூசி நூல்முனைகளை அடைத்துவிடும் முறையும் இருக்கிறது. அழுக்கு இறங்கவே இறங்காதுதான். ஆனால் மைகார்ட்டாவின் உயிரே ஈரக் கையிலும் வழுக்காத அந்தத் துணித்தன்மை. அதை அடைத்துவிட்டால் வெறும் பிளாஸ்டிக் பிடியோடு நின்றுவிடலாமே. எனக்கு உடன்பாடில்லை.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வு. பிடி முழுவதும் சீராகக் கறுத்திருந்தால், பஞ்சில் அழுக்கு வராவிட்டால், அதை விட்டுவிடுவதில் தவறே இல்லை. திட்டுத்திட்டாக இருப்பதுதான் உறுத்தல் என்றால், வெளுக்கப் போராடாமல் சோப்பால் கழுவிவிட்டு மெல்ல எண்ணெய் தடவி மொத்தத்தையும் அடர்நிறமாக்கிச் சமப்படுத்துவது அரை மணி நேர வேலை.

பச்சை, பழுப்பு நிறக் கான்வாஸ் பிடிக்குச் சோப்பு, தேவையென்றால் ஆல்கஹால், அதோடு முடிந்தது. லினனுக்கும் அதே. காகிதத்துக்குச் சோப்பு, பிறகு முடிவெடுக்கும் தைரியம் இருந்தால் 600-ஆம் எண் தாள். எந்த ரெசின் என்று தெரியாத கைவேலைப் பிடிக்குச் சோப்பைத் தாண்டிப் போவதென்றால் ஒரு மூலையில் சோதித்துவிட்டு.

என் கத்தியின் இடப்பக்கம் ஆல்கஹாலோடு நின்றது, வலப்பக்கம் கைபட்டுத் தேறியது. கட்டைவிரல் திட்டுக்கு இரண்டு பற்றுப் போட்டேன். போனது பாதி, மீதி இன்னும் இருக்கிறது. கிளிப்பை மறுபடி மாட்டும் முன் அந்த நீள்சதுரத்தைத் தேடிப் பார்த்தேன். சாய்வான வெளிச்சத்தில் அதன் ஓரக்கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மூன்று திருகாணிகளையும் இறுக்கி அதை மூடிவிட்டேன்.